குளம் யாருடையது என்ற கேள்வியிலிருந்து

எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குத் தெற்கே இருக்கும் குளத்தைத் தூர்வார வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, பணம் எங்கிருந்து வரும், ஆள் யார் தருவார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்னால் வந்து நின்றது, அது யாருடைய குளம் என்ற கேள்விதான். பர்மாவில், பெகுவிலிருந்து டவுங்கூ போகும் ரயில் பாதையை ஒட்டிய நெல் ஊர் எங்களுடையது. மழைக்காலத்தில் நெல்லும், அறுவடை முடிந்த ஈரத்தில் உளுந்தும் பாசிப்பயறும் விளைகின்றன. தமிழர்கள் சில தெருக்களிலும், சுற்றியுள்ள இரண்டு மூன்று கிராமங்களிலும் இருக்கிறோம். மற்றபடி பர்மியரும் கரேன் மக்களும்தான் பெரும்பான்மை. பங்குனி, சித்திரையில் கிணறுகள் வற்றிவிட்டால் எல்லோரும் குடத்தோடு வந்து நிற்பது அந்த ஒரு குளத்தின் கரையில்தான். ஆகவே கேள்வி கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் கோயில் பெரியவர்களின் பதில், அது செட்டியார் பணத்தில் நம் ஆட்கள் வெட்டிய கோயில் குளம் என்பது. 'அபா' என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் எண்பது வயது கடந்த பர்மியப் பெரியவர் ஒருவரின் பதில், அந்த இடம் முழுவதும் தம் பாட்டனாரின் வயல் என்பது. நில அளவை அலுவலகத்தில் இருக்கும் குயின் வரைபடத்தின்படி அது பொது நீர்நிலை. (குயின் என்பது ஆங்கிலேயர் காலத்தில் நிலவரி விதிப்பதற்காக வயல்வெளியைப் பிரித்து எண்ணிட்ட பகுதி, இன்றும் எங்கள் பக்கத்தில் நிலத்தைக் குயின் பெயரும் எண்ணும் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள்.) இந்த மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், விசாரித்துப் பார்த்ததில் மூன்றுமே உண்மை என்று தெரிந்தது. ஊருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று கிளம்பிய எங்கள் தன்னார்வக் குழு, ஊர் வரலாற்றைத் தேடும் குழுவாகவும் மாறியது இப்படித்தான்.

இந்த மூன்றும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும் என்பதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. காடும் புல்லும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை நெல்வயலாக்கும் வேலை அதன் பின்னர்தான் வேகம் பிடித்தது. ரங்கூனிலிருந்து டவுங்கூ வரை 1885இல் ரயில் வந்ததும், இந்தப் பாதையோரத்தில் விளைந்ததெல்லாம் ரங்கூன் ஆலைகளுக்குப் போகத் தொடங்கியது. காட்டை வெட்டித் திருத்தியவர்கள் பெரும்பாலும் பர்மியக் குடியானவர்களே. மாடு வாங்கவும் விதை வாங்கவும் கூலி கொடுக்கவும் அவர்களுக்கு வேண்டியிருந்த பணத்தை, நகரத்து வங்கிகள் எதுவும் எட்டிப்பார்க்காத ஊர்களில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். நாற்று நடவும் கதிர் அறுக்கவும் மேஸ்திரிகள் கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கியவர்களில் எங்கள் முன்னோர்கள் இருந்தார்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் இருந்தனர். அவர்களில் தமிழர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம்.

1930இல் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தபோது இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்தது. விற்ற நெல் வட்டிக்கே போதாத நிலையில், அடமானம் வைத்த வயல்கள் கடன் கொடுத்தவர்களிடம் போய்ச் சேர்ந்தன. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது நூற்றுக்கு 25 பங்கு ஆயிற்று. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்லர், அவர்களுக்கு வேண்டியது புரளும் பணம், வயல் கைக்கு வந்ததில் அவர்களுக்கும் நட்டமே என்று எழுதுபவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் தன் தகப்பன் திருத்திய வயலில் தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மியக் குடியானவனுக்கு அந்த நியாயத்தால் ஆகப்போவது என்ன? அபாவின் பாட்டனார் அப்படி நிலம் இழந்தவர்களில் ஒருவர். அந்த வயலின் தாழ்ந்த மூலையில்தான் குளம் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் எங்கள் கூலி ஆட்கள். பிறகு 1948, 1953ஆம் ஆண்டுகளின் நில தேசியமயச் சட்டங்களால் வயல்கள் அரசுக்குப் போய், உழுபவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, குளம் மட்டும் யாருக்கும் கொடுக்கப்படாமல் பொதுவில் நின்றுவிட்டது.

பர்மாத் தமிழர்கள் தங்கள் வரலாற்றைப் பேசும்போது இரண்டு ஆண்டுகளை மட்டுமே பேசுவார்கள் என்பது என் நெடுநாளைய வருத்தம். ஒன்று 1942: ஜப்பானியப் படை வந்தபோது மலைப்பாதை வழியாக நடந்தே இந்தியாவுக்குப் போனதும், வழியெல்லாம் செத்து விழுந்ததும். மற்றொன்று 1964: கடைகள் அரசுடைமையானதும், அந்த மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று ஒரே நாளில் அறிவிக்கப்பட்டதும், கப்பலேறிச் சென்னைக்குப் போனதும். இரண்டும் நேர்ந்தவைதான், இரண்டும் துயரம்தான். ஆனால் இவை போனவர்களின் வரலாறு. ரங்கூனிலும் மோல்மேனிலும் கடை வைத்திருந்தவர்கள் போனார்கள். கப்பல் டிக்கெட்டுக்கும் வழியில்லாமல், வயலையும் மாட்டையும் விட மனமில்லாமல் இங்கேயே இருந்துவிட்ட நாட்டுப்புறத்துத் தமிழனைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. நாங்கள் இழந்ததைப் பேசுகிற அளவுக்கு, எங்கள் மொழி பேசியவர்களிடம் மற்றவர்கள் இழந்ததைப் பேசுவதும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் மனத்தில் இருக்கும் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல், அவனோடு சேர்ந்து மண்வெட்டி பிடிக்க முடியாது என்பது குளத்து வேலையில் எனக்கு உறுதியாயிற்று.

ஆதாரம் தேடியபோது முதலில் கைகொடுத்தது கோயில் முன்மண்டபச் சுவரில் பதித்திருக்கும் உபயக் கல். சுண்ணாம்புப் பூச்சு மேல் பூச்சாக அடித்து எழுத்தெல்லாம் மூடிப்போயிருந்த சலவைக்கல் அது. ஈரத்துணியால் பூச்சை ஊறவைத்து மூங்கில் சீவலால் மெல்லச் சுரண்டி, காய்ந்த பின் கோலமாவைத் தூவித் துடைத்தோம். இரவில் மண்டபத்து விளக்கை அணைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி கைபேசி விளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தபோது வரிகள் எழுந்து வந்தன. பெயர்களுக்கு எதிரே தொகை தமிழ் எண்களில் இருந்தது. பிள்ளைகளில் எவருக்கும் அந்த எண்கள் தெரியாததால் அன்றைய பாடம் அங்கேயே நடந்தது. தொகை ரூபாயில் இருந்ததால், கியாத் புழக்கத்துக்கு வந்த 1952க்கு முந்திய கல் என்பது தெளிவு. உபயகாரர்களின் சொந்த ஊர் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருந்ததால், அந்த ஜில்லா உருவான 1910க்குப் பிந்தியது. கடைசி வரியில் 'பிரசோற்பத்தி வருஷம்' என்று கண்டதும் விடை முடிந்தது. அறுபது ஆண்டுச் சுற்றில் அந்தப் பெயர் இந்த இரண்டு எல்லைகளுக்குள் 1931ஆம் ஆண்டுக்கு மட்டுமே பொருந்தும்.

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தக் கல்லில் இருந்த வேறொரு வரி. பூகம்பத்தில் விழுந்த முன்மண்டபத்தைத் திரும்பக் கட்டி, அதற்கு வேண்டிய மண்ணை எடுத்த இடத்தைக் குளமாக வெட்டி ஊருக்கு விட்டதாக அந்த வரி சொல்கிறது. 1930 மே 5 அன்று பெகுவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஷ்வேமாடோ பகோடாவின் மேற்பகுதி இடிந்து விழுந்ததும், பல நூறு பேர் மாண்டதும் எல்லோருக்கும் தெரியும். அந்த பகோடா மீண்டும் எழுந்து நிற்க 1954 ஆயிற்று. அதே 1930 டிசம்பர் தொடக்கத்தில் வடக்கே பியூ பக்கத்தில் மற்றொரு பெரிய நிலநடுக்கம் வந்தது. எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆக, விலை வீழ்ச்சி, நிலப்பறிப்பு, இரண்டு நிலநடுக்கங்கள் எல்லாம் ஓர் ஆண்டுக்குள் நேர்ந்த காலத்தில், எங்கள் ஊரில் சிலர் மண்டபம் கட்டிக் குளமும் வெட்டியிருக்கிறார்கள். குளம் கோயிலுக்கு என்று கல் சொல்லவில்லை. 'ஊருக்கு' என்றுதான் சொல்கிறது. கோயில் குளம் என்று வாதாடிக்கொண்டிருந்த எங்கள் பெரியவர்கள் அந்த வரியைப் படித்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

இந்தத் தகவலுக்கு உடனடிப் பயன் ஒன்றும் இருந்தது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் வந்த பெரும் நிலநடுக்கம் மண்டலே, சகாய்ங் பகுதிகளைச் சிதைத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்குக் காரணமான சகாய்ங் பிளவு வடக்கிலிருந்து தெற்காக நீண்டு எங்கள் பகுதி வழியாகவே கடலை நோக்கிப் போகிறது. எங்கள் மண்டபத்துக்கு வெளிப்படையாகச் சேதம் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்தச் சுவர் ஒருமுறை விழுந்து சுண்ணாம்புக் காரையால் எழுப்பப்பட்ட சுவர் என்பது கல்லால் தெரிந்திருந்ததால், கொத்தனார் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். வடகிழக்கு மூலையில் பூச்சுக்கு உள்ளே விரிசல் இருந்தது. பிள்ளைகளின் வகுப்பைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டு மூலைத் தூணைக் கட்டி முடிக்கும் வரை மண்டபத்தைத் திறக்கவில்லை. வரலாறு சோறு போடுமா என்று கேட்டவர்கள் அதன் பிறகு அவ்வளவாகக் கேட்கவில்லை.

கல்லில் இருப்பது பணம் கொடுத்தவர்களின் பெயர்கள்தான். மண் சுமந்தவர்களின் கதையை வேறு இடத்தில்தான் கேட்க வேண்டியிருந்தது. ஊரின் மூத்த கிழவிகளில் ஒருவரான அப்பத்தா, தம் தாயார் சொன்னதாகச் சொன்னவை எங்கள் சேகரிப்பிலேயே மதிப்பு மிக்கவை என்பேன். மேஸ்திரியின் கணக்கில் ஒருவருக்கு எழுதிய முன்பணம் ஒரு நடவுக்காலத்திலும் தீராமல் அடுத்த காலத்துக்குத் தள்ளப்படும். பெயர் அடிக்கப்படாதவன் ஊருக்குத் திரும்ப முடியாது. ஆண்கள் வெட்டிக் கொடுக்க, மூங்கில் கூடையில் மண் சுமந்தவர்கள் பெண்களே. கைப்பிள்ளைகளுக்குக் கரையில் மரத்தடியில் தூளி கட்டியிருந்தார்களாம். முதலில் அவர் பேசவே மறுத்தார். "போனவனெல்லாம் போயிட்டான், இருந்தவன் செத்தும் போனான். இதையெல்லாம் எழுதி என்ன பண்ணப்போறே தம்பி?" என்றார். குளத்தைத் தூர்வாரப்போகிறோம் அப்பத்தா, ஆழம் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்றேன். உடனே எழுந்து உட்கார்ந்து, கோடையில் நடுக்குளத்தில் நின்றால் தம் தாயாருக்குத் தண்ணீர் எதுவரை இருக்கும், படித்துறை எந்தப் பக்கம் இருந்தது, நீர் வரும் வாய்க்கால் எந்த வயலோரமாக வந்தது என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். வேலைக்காகக் கேட்டால் பேசுகிறவர்கள், வரலாறு என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறார்கள். பேட்டி எடுக்கப் போகும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் யோசனை இது ஒன்றுதான்.

வாய்க்கால் பற்றி அவர் சொன்னது குயின் வரைபடத்தோடு பொருந்தியது. இப்போது அந்த வாய்க்கால் பாதை மூன்று பேரின் உளுந்து வயலுக்குள் இருக்கிறது. 2012ஆம் ஆண்டு விவசாய நிலச் சட்டத்தின்படி 7ஆம் படிவம், அதாவது நிலப் பயன்பாட்டு உரிமைச் சான்று, பெற்ற முறையான வயல்கள் அவை. ஒருவர் தமிழர், இருவர் பர்மியர். நம் ஆள் உடனே ஒப்புக்கொள்வார், மற்ற இருவரிடம் பேச வேண்டியிருக்கும் என்று குழுவில் எல்லோரும் நினைத்தோம், நடந்தது நேர்மாறு. தமிழருக்கு 2017இன் கடன் இன்னும் முதுகில் இருந்தது. அந்த ஆகஸ்டில் இந்திய அரசு உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்ததும் இங்கே விலை தலைகுப்புற விழுந்தது. எங்கள் மண்டியிலேயே மூட்டைகள் மாதக்கணக்கில் கிடந்தன. (சென்னையில் இட்லிக்கு ஊறவைக்கும் உளுந்தில் எங்கள் ஊர் உளுந்தும் இருக்கிறது என்பதும், அங்கே ஒரு கையெழுத்து விழுந்தால் இங்கே ஒரு வீட்டின் கூரை மாறாது என்பதும் தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்குத் தெரிந்திராது.) அவருக்கு ஒரு முழ நிலம் கூட விட மனம் வராததில் வியப்பில்லை. கடைசியில் பர்மியர் இருவரும் வரப்பின் ஓரமாக வாய்க்காலுக்கு இடம் கொடுத்த பிறகு, குளத்து வண்டல் முதலில் தம் வயலுக்கே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அவரும் இசைந்தார்.

தூர்வாரும் வேலை தஞ்சான் முடிந்த கையோடு தொடங்கியது. தஞ்சான் என்ற பர்மியரின் நீர்விழாவும் நம் சித்திரைப் பிறப்பும் ஒரே வாரத்தில் வருவதால், ரங்கூனில் வேலை பார்க்கும் இரு தரப்பு இளைஞர்களும் அப்போது ஊரில் இருப்பார்கள். மழை மே நடுவில்தான் பிடிக்கும். எங்களோடு கைகோத்தது ஊரின் பர்மிய நாயே சங்கம், அதாவது சாவு வீடுகளுக்கு இலவசமாக வண்டி விடும் குழு. ரங்கூனில் 2001இல் இலவச இறுதிச்சடங்குச் சங்கம் தொடங்கப்பட்டதைப் பார்த்து நாடெங்கும் இத்தகைய குழுக்கள் முளைத்தன. 2008 மே மாதத்து நர்கிஸ் புயலுக்குப் பிறகு அவை இன்னும் பெருகின. பணம் திரட்டுவதிலும் கணக்கைப் பலகையில் எழுதி வைப்பதிலும் அவர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளம். வந்த தொகை ஒவ்வொன்றும் அன்று மாலையே தேநீர்க்கடைச் சுவரில் ஏறிவிடும். எங்கள் கோயில் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுவதோடு சரி.

வண்டலை அள்ளிப்போக 'தொலாஜி' என்று இங்கே எல்லோரும் சொல்லும் இழுவண்டிகள் வரிசையில் நின்றன. வண்டல் இலவசம், டீசல் அவரவர் செலவு என்பது ஏற்பாடு. சமையல் பொறுப்பை ஏற்ற பெண்கள் ஒரு வேளை மொகிங்கா (மீன் சாற்றில் நூடுல்ஸ்), ஒரு வேளை சோறும் சாம்பாரும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆட்கள் கூடும் எந்த வேலைக்கும் இன்றைய நிலையில் முன்கூட்டியே வார்டு அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். அதையும் அவர்களே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். அப்பத்தா சொன்ன பக்கத்தில் மண்ணை எடுத்தபோது செங்கல் படித்துறையின் மூன்று படிகள் வெளிப்பட்டன. படிகளுக்கு அருகே மண்ணோடு மண்ணாக உடைந்த பானை ஓடுகளும், பெண்களின் கண்ணாடி வளையல் துண்டுகளும் கிடந்தன. அவற்றை நாள், இடம் குறித்துப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறோம்.

பிறகு வந்தது பலகைச் சண்டை. கரையில் தமிழிலும் பர்மியத்திலும் ஒரு பலகை வைப்பது என்று முடிவானபோது, 'செட்டியார் உபயத்தில் வெட்டப்பட்டு, ஊர்மக்களால் தூர்வாரப்பட்டது' என்ற ஒரு வரி போதும் என்று கோயில் தரப்பில் சொன்னார்கள். கடன், அடமானம் என்றெல்லாம் எழுதினால் பழைய பகையைக் கிளறியதாகிவிடும் என்பது அவர்களது அச்சம். இந்த நாட்டில் 1930களில் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரங்களை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் அட்டைக்காக அலைந்தவர்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எழுதாமல் விடுவதால் பகை மறந்துபோகிறது என்பதை நான் ஏற்கவில்லை. அபாவின் வீட்டில் மூன்று தலைமுறையாக அது மறக்கப்படவில்லை; நாங்கள் மட்டும்தான் தெரியாதவர்கள் போல இருந்தோம். இரு தரப்பையும் கூட்டி வைத்துப் பேசிப் பேசி, கடைசியில் அபாவே ஒரு வழி சொன்னார்: நிலம் எப்படிக் கை மாறியது என்று எழுத வேண்டாம், அதற்கு முன் அது யார் திருத்திய நிலம் என்பதை எழுதினால் போதும். அதன்படி, பர்மியக் குடியானவர்கள் திருத்திய வயலில், நகரத்தார் பொருளுதவியால், தமிழ்க் கூலித் தொழிலாளர் 1931இல் வெட்டிய குளம் என்று வாசகம் அமைந்தது. தொழிலாளரைச் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் சமையல் வேலை பார்த்த பெண்கள்.

இதோடு முடிந்துவிடவில்லை. தம் பாட்டனாரின் பெயரையே பலகையில் போட வேண்டும் என்று அபா இப்போது கேட்கிறார். உபயகாரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கும்போது நிலத்தைத் திருத்தியவரின் பெயர் ஏன் இருக்கக் கூடாது என்பது அவருடைய கேள்வி, நியாயமானதுதான். ஆனால் அந்த வயல் அவர் பாட்டனார் பெயரில்தான் இருந்தது என்பதற்கு ஒரு தாளாவது வேண்டும் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம், ஏனெனில் இதே போன்ற கோரிக்கையோடு மேலும் இரண்டு வீட்டார் வந்துவிட்டார்கள். பழைய நிலவரி ரசீது ஒன்று தம் தங்கை வீட்டு மரப்பெட்டியில் இருப்பதாகவும், அறுவடை முடிந்ததும் கொண்டுவருவதாகவும் அபா சொல்லியிருக்கிறார். கரையான் அரிக்காமல் கிடைத்தால், அதைப் படமெடுத்து மூன்று பேரிடம் பிரதி வைத்துவிட்டு, பெயிண்டரை மறுபடி அழைக்க வேண்டும்; அவருக்கு இன்னும் பழைய கூலியே பாக்கி.